ஆடாமல் போன ஆட்டம்

(நியூ ஜெர்சியில் நடந்த தமிழ் வாசகர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குளிரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், பள்ளிக்கூடக் கூடைப்பந்து பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது.

போன வாரம் ஒரு அக்கா போன் பண்ணினார். இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். "தம்பி, பையன் எட்டாவது படிக்கிறான். இப்பவே ஆறடி. ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாங்க. ஃபீஸ்ல பாதிக்கு மேல குறைச்சுக்கலாம்னு சொல்றாங்க. ஆனா இவன்கூட ரெண்டாம் வகுப்பிலிருந்து ஆடுற பசங்க எல்லாம் நம்ம டவுன் ஹைஸ்கூலுக்குத்தான் போறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் இந்தப் பேச்சு வந்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அரசுப் பள்ளிக்கு எல்லை உண்டு. இந்தத் தெருவிலிருந்து அந்த ரயில் பாதை வரை என்று கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்குள் குடியிருக்கும் பிள்ளைதான் அங்கே படிக்க முடியும். தனியார் பள்ளிக்கு அந்தக் கோடு கிடையாது. முப்பது மைல் தள்ளியிருக்கும் பையன்கூட வரலாம். விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்று விதி இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரலாம். அந்த இடைவெளிக்குள் என்னென்ன நடக்கிறது என்று இங்கே பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பள்ளி நாற்பது, ஐம்பது பையன்களைத் திரட்ட வேண்டும். கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். வளர்த்தியும் கைப்பக்குவமும் உள்ள இரண்டு பேர் வந்து சேர்ந்தால் பள்ளியின் தலையெழுத்தே மாறிவிடும். அதனால்தான் இந்தச் சண்டை கூடைப்பந்தில் இவ்வளவு சூடாக இருக்கிறது.

நம் மாநிலத்தில் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து அரசுப் பள்ளிகளுக்கு நான்கு பிரிவு, தனியார் பள்ளிகளுக்கு இரண்டு பிரிவு. ஆறிலும் தனித்தனி சாம்பியன். பிறகு அந்த ஆறு பேரும் மோதிக்கொள்ள 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' என்று ஒரு போட்டி. 1989இல் ஆரம்பித்தது. மொத்த மாநிலத்துக்கும் ஒரே ராஜா யார் என்று அதில் தெரிந்துவிடும். 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள். கடைசி ஆண்டின் இறுதியாட்டத்தில் ரோசெல் கத்தோலிக்கும் கேம்டன் ஹைஸ்கூலும் மோதின: ஒன்று தனியார், ஒன்று அரசு. ரோசெல் வென்றது. அதோடு சரி. இப்போது ஆறு சாம்பியன்களும் ஆளுக்கொரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் போட்டியை 13 முறை வென்றது ஜெர்சி சிட்டியின் செயின்ட் ஆன்டனி பள்ளி. 'தனியார் பள்ளி' என்றதும் நம் மனசில் பெரிய புல்வெளியும் பளபளக்கும் ஜிம்மும் வரும். செயின்ட் ஆன்டனிக்குச் சொந்த ஜிம்மே இல்லை. ஒயிட் ஈகிள் ஹால் என்று ஒரு பழைய மண்டபம். அங்கே பிங்கோ என்ற எண் சீட்டாட்டம் ஆடுவார்கள். பையன்கள் பயிற்சிக்கு வந்ததும் முதல் வேலை, பிங்கோ மேசைகளையும் மடக்கு நாற்காலிகளையும் சுவரோரம் நகர்த்துவது. அதற்குப் பிறகுதான் பந்தைத் தொட முடியும். பள்ளியை நடத்தியவர்கள் ஃபெலீஷியன் சபைக் கன்னியாஸ்திரிகள். கோச் பாப் ஹர்லிக்குப் பகலில் வேறு வேலை: நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்ட பையன்களைப் பார்த்துக்கொள்ளும் ப்ரொபேஷன் அதிகாரி. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்த மனிதர் என்பதால்தான் தன் அணிப் பையன்களை அவ்வளவு கண்டிப்போடு வைத்திருந்தார். 28 மாநிலப் பட்டங்கள். 2010இல் கூடைப்பந்தின் நெய்ஸ்மித் புகழ்மண்டபத்தில் இடம். அவருடைய இளைய மகன் டேன் ஹர்லிதான் 2023லும் 2024லும் கனெடிகட் பல்கலைக்கழகத்துக்கு தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர்.

இதே கதையை ஜெர்சி சிட்டியின் அரசுப் பள்ளிக் கோச் ஒருவரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஊரில் நன்றாக ஆடும் பையன் ஒருவன் தென்பட்டால், அவன் ஹர்லியிடம் போய்விடுவான். ஆண்டுக்கு ஆண்டு இதுதான். அந்தக் கோச்சின் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஹர்லி ஏழைப் பிள்ளைகளைக் கரை சேர்த்தார் என்பதும் உண்மை, அடுத்த தெருப் பள்ளி இளைத்துப்போனது என்பதும் உண்மை. 2017இல் பணமில்லாமல் செயின்ட் ஆன்டனியை மூடினார்கள். அன்று வருத்தப்பட்டவர்களில் அவரிடம் காலமெல்லாம் தோற்ற கோச்சுகளும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது பால்டிமோருக்கு வாருங்கள். நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1981. கால்வர்ட் ஹால், நகருக்கு வெளியே டவுசனில் இருக்கும் கத்தோலிக்கத் தனியார் பள்ளி. டன்பார், கிழக்கு பால்டிமோரின் கறுப்பினக் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் அரசுப் பள்ளி. இரண்டும் மோதின. ஆட்டம் சமன். கூடுதல் நேரம், சமன். மறுபடியும் கூடுதல் நேரம், மறுபடியும் சமன். மூன்றாவது கூடுதல் நேரத்தில் 94க்கு 91 என்று கால்வர்ட் ஹால் ஜெயித்தது. அரங்கில் இருந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடுத்த பருவம் டன்பார் வேறு அணியாக வந்து நின்றது. கோச் பாப் வேட், பையன்கள் கையில் செங்கல்லைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைப்பார். கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், செங்கல் கீழே இறங்கக்கூடாது. பிறகு செங்கல்லை வாங்கிக்கொண்டு பந்தைக் கொடுத்தால், அந்தக் கைகளுக்குப் பந்து இறகு மாதிரி. அந்த அணியில் டைரோன் போக்ஸ் என்று ஒரு பையன், 'மக்ஸி' என்பார்கள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். நம் கேம்டன் ஹைஸ்கூலுக்கு டன்பார் ஆட வந்தபோது, மக்ஸி களத்தில் இறங்கியதும் கூட்டம் சிரித்தது. ஆட்டம் தொடங்கியது. எதிரி பந்தைத் தரையில் தட்டும்போதெல்லாம் முழங்கால் உயரத்தில் ஒரு கை வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனது. 84க்கு 59. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்தப் பருவத்தில் டன்பார் 29 ஆட்டம் ஆடி 29லும் ஜெயித்தது. கால்வர்ட் ஹால் 34 ஆடி 34லும் ஜெயித்தது. ஒரே ஊர்வட்டாரம். நாட்டிலேயே தலைசிறந்த இரண்டு அணிகள். காரில் போனால் அரை மணி நேரம். மோதவில்லை. டன்பார் கேட்டது, கால்வர்ட் ஹால் தரப்பு ஒப்பவில்லை. இந்த இரண்டு பள்ளிகளையும் கட்டாயமாக மோதவைக்கும் போட்டி எதுவும் அந்தப் பருவத்தில் இல்லாததால், யாரும் யாரையும் வற்புறுத்தவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு டன்பார் 31க்கு 31. என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக், புது ஆட்டக்காரர்களை அணிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நடத்தும். 1987 டிராஃப்டின் முதல் சுற்றில் அந்த ஒரே பள்ளி அணியிலிருந்து மூன்று பேர்: ரெஜி வில்லியம்ஸ், மக்ஸி போக்ஸ், ரெஜி லூயிஸ். இதில் ரெஜி லூயிஸ் டன்பாரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்து மாற்று ஆட்டக்காரனாக இறங்கியவர்! பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற என்பிஏ அணிக்குக் கேப்டனானார், பாவம், 27 வயதில் இறந்துபோனார்.

நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது. அந்த ஆட்டம் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று பால்டிமோரில் இன்னும் வாதாடுகிறார்கள். இந்தப் பையன்கள் வாழ்க்கையில் எவ்வளவோ சாதித்தார்கள். ஆனால் பதினேழு வயதில் அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு ராத்திரி. அதைப் பெரியவர்கள் கொடுக்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

'தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள், தலைவலி தீரும்' என்று சொல்கிறவர்களுக்கு நான் இண்டியானாவைத்தான் காட்டுவேன். கூடைப்பந்து அங்கே மதம் மாதிரி. 1997 வரை பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே இல்லாமல் எல்லாருக்கும் ஒரே போட்டி. 1954இல் 161 மாணவர்களே படித்த மைலன் என்ற கிராமத்துப் பள்ளி மாநிலப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் 1942 வரை அந்த 'எல்லாருக்கும்' என்பதில் கத்தோலிக்கப் பள்ளிகள் இல்லை, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிகளும் இல்லை. போட்டியை நடத்திய மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் கதவை அடைத்திருந்தது. கதவு திறந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1955இல், இண்டியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளி பட்டம் வென்றது. நாட்டிலேயே மாநிலம் முழுமைக்குமான பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பள்ளி அதுதான். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணியின் பையன். தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். நகரின் நடுவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, கறுப்பர் பகுதிப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொண்டாட்டத்தை அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று. ராபர்ட்சனுக்கு அந்த வலி பல ஆண்டுகள் ஆகியும் ஆறவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் ஜெயித்தார்கள், ஒரு தோல்விகூட இல்லாமல்.

ஒஹையோவின் அக்ரன் நகரத்தையும் பார்த்துவிடலாம். பின்னாளில் என்பிஏவின் பெரிய நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். எங்கே போனாலும் நாலு பேரும் சேர்ந்துதான் என்று பேசி வைத்திருந்தார்கள். பக்டல் என்ற அரசுப் பள்ளிக்குத்தான் போவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. நாலு பேரில் ட்ரூ ஜாய்ஸ் ரொம்பக் குள்ளம், ஐந்தடிகூட இல்லை. பக்டலில் தன்னை முதல் அணியில் சேர்க்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கப் பள்ளியின் கோச் தன்னை நம்புவார் என்று அங்கே போனான். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். உலகம் பார்த்த மிகப் பெரிய பள்ளிக்கூட ஆட்டக்காரன் தனியார் பள்ளிக்குப் போன காரணம் ஒரு சிநேகிதனின் உயரம். மேற்கு அக்ரனில் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. நான்கு ஆண்டில் மூன்று பட்டம். அதே லெப்ரான் 2018இல் அக்ரனில் பிள்ளைகளுக்காக 'ஐ ப்ராமிஸ்' பள்ளியைத் தொடங்கியபோது, அதை நகரின் அரசுப் பள்ளிகளில் ஒன்றாகவே தொடங்கினார்.

அந்த மாநிலத்தில் இதே பிரச்சினைக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து வாக்கெடுப்பு வைத்து, மூன்றிலும் தோற்று, 2014இல் ஒரு விதி தேறியது. அது எனக்குப் பிடித்த விதி. பள்ளி அரசா தனியாரா என்பதோடு நிற்காமல், அணியில் இருக்கும் ஒவ்வொரு பையனும் எங்கிருந்து வந்தான் என்று பார்க்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவன் என்றால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கூடக்கூட, அந்தப் பள்ளி இன்னும் பெரிய பள்ளிகளோடு மோத வேண்டிவரும். இல்லினாய் மாநிலம் பொதுவாக 1.65ஆல் பெருக்கிவிடுகிறது: ஆயிரம் பேர் படிக்கும் தனியார் பள்ளிக்கு 1650 என்று கணக்கு. பிங்கோ மண்டபத்தில் ஆடிய பள்ளியையும் பணக்காரப் பள்ளியையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. ஒஹையோவின் வழிதான் நியாயம்.

ஆனால் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டின் பின்வாசல் வழியாக வேறொன்று போய்க்கொண்டிருக்கிறது. கூப்பர் ஃப்ளாக் என்ற பையன். மெய்ன் மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சின்ன ஊர். 2022இல் ஒன்பதாம் வகுப்பில், நோகோமிஸ் என்ற தன் ஊர் அரசுப் பள்ளிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வகுப்புக்கு ஃப்ளோரிடாவின் மான்ட்வெர்டே அகாடமிக்குப் போய்விட்டான். அந்த அணி 2024இல் 33க்கு 33 ஜெயித்தது. 2025 என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாக அவனை டல்லாஸ் அணி எடுத்தது. அவன் முடிவு சரிதான், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மான்ட்வெர்டே போன்ற பள்ளிகளின் முதன்மை அணிகள் மாநிலப் போட்டிகளில் ஆடுவதில்லை. நாடு சுற்றித் தங்களுக்குள் ஆடிக்கொள்கின்றன. தெருமுனைக் கத்தோலிக்கப் பள்ளியும் டவுன் ஹைஸ்கூலும் கோப்பையைப் பிரித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கும்போது, இருவருடைய நல்ல பையன்களும் விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒரு பையன் ஊரில் தங்க வேண்டுமென்றால், ஊரில் பெரிய ஆட்டம் ஒன்று காத்திருக்க வேண்டும். நம் மாநிலம் அதைத்தான் 2022இல் எடுத்துப் போட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஒஹையோவின் கணக்கோடு. பள்ளி வாரியக் கூட்டங்களில் நம்மவர்கள் கணிதப் பாடத்துக்காகப் பேசுகிறோம். இதற்கும் எழுந்து நின்று பேசலாம்.

அக்காவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். நான் பதில் சொல்லவில்லை. "பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான் தம்பி. நாங்க நாலு பேரும் சேர்ந்து வரலாமான்னு. விசாரிச்சுச் சொல்றோம்னாங்க. இன்னும் சொல்லல."

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நம் டவுன் ஹைஸ்கூல் ஜிம்மில் ஆட்டம். எதிரணி பக்கத்து ஊர்க் கத்தோலிக்கப் பள்ளி. அந்த நாலு பையன்களும் பார்க்க வருகிறார்கள். நானும் போகிறேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.