சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை பெய்த மறுநாள் ஒரு சரணாலயத்துக்குள் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றையடிப் பாதை, நடுவே சேறு. செருப்பு நனையக் கூடாதென்று முன்னால் போகிறவர் ஓரத்துப் புல்லில் கால் வைத்துச் சுற்றிப் போகிறார். பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தையும் தாண்டி இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறார். பருவம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை ஆகிவிடும். மிதிபட்ட மண் இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காது, விதை வேர் பிடிக்காது. அடுத்த மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

"இவ்வளவு பெரிய காட்டில் என் ஒருத்தன் கால் பட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி. மிதிபடாத இடத்தில் முதலில் விழும் சில கால்களே பெரும்பாலான சேதத்தைச் செய்துவிடுகின்றன. ஏற்கெனவே இறுகிய பாதையில் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் கேடு குறைவு. மந்தையை ஓட்டுவதுபோல எல்லோரையும் ஒரே வழியில் அனுப்புகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான். சேறு வந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

1872இல் உருவான அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மார்னிங் குளோரி என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒரு காலத்தில் முழுக்க நீலம். வந்தவர்கள் ஆசைக்கு ஆளுக்கொரு காசு போட்டார்கள், கல்லும் போட்டார்கள். ஊற்றுக்கண் அடைபட்டுச் சூடு தணிந்தது. சூடு குறைந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, ஓரத்து மஞ்சள் உள்நோக்கிப் படர்ந்துவிட்டது.

சில இடங்களில் கதவைச் சாத்துவதைத் தவிர வழியில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் படகு நங்கூரங்களும் கூட்டமும் பவளங்களை நொறுக்கியதால் 2018இல் மூடினார்கள். மக்கள் நடமாட்டம் நின்றதும் துடுப்பு நுனி கறுத்த கரும்முனைச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. 2022இல் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரத் தடை. ஆட்களுக்கும் அளவு வைத்தார்கள்.

"தொடாதே, போகாதே" என்று அடுக்கும் பலகைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. காரணத்தை ஒரு வரியில் எழுதினால் பாதிப் பேராவது நின்று படிப்பார்கள்.

அடுத்த முறை பாதையோரம் காய்ந்த கிளைகள் குறுக்கே கிடந்தால், காற்றில் விழுந்ததென்று தாண்டிவிடாதீர்கள். யாரும் அங்கே மிதிக்கக் கூடாதென்று வனக்காவலர் இழுத்துப் போட்டதாக இருக்கும். குனிந்து பாருங்கள், அடியில் புல் தலைகாட்டிக்கொண்டிருக்கும்.