பழைய வெந்நீர்க் குழாய்: மரை போட்டதா, பற்றவைத்ததா?

வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீட்டில் இருப்பவர்கள் பாய்லர் இருக்கும் அடித்தளத்துக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். சில வீடுகளில், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாய் செம்பாகத் தெரியும். ஆனால் மூட்டுகளில் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) இருக்காது, மரை இருக்கும். அதை இன்றைய செம்புக் குழாய் என்று நினைத்து ஃபிட்டிங் (இணைப்புத் துண்டு) வாங்கினால் பொருந்தாது.

குழாய்மேல் மாவுக்கட்டு போல வெள்ளை உறை சுற்றியிருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதித்த பிறகே மற்ற வேலை. 1978-க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்தியே சுரண்டுங்கள்.

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு). ஒட்டாவிட்டால் ஓரிடத்தில் லேசாகக் கீறுங்கள். ரோஜாச் சிவப்பு என்றால் செம்பு. பொன்கலந்த சிவப்பு என்றால் சிவப்புப் பித்தளை, அதாவது 85 விழுக்காடு செம்பு, 15 விழுக்காடு துத்தநாகம். 'செம்பு' என்று சொல்லப்படுவதில் பல இதுதான். வெறும் மஞ்சள் என்றால் எச்சரிக்கை: அதில் துத்தநாகம் அதிகம், நாளடைவில் அது கரைந்து வெளியேறி உலோகம் நொறுங்கும்.

அடுத்து மூட்டு. மரை மூட்டில் ஃபிட்டிங்கின் விளிம்பு தடிப்பாக இருக்கும், அதை ஒட்டி இரண்டு மூன்று மரைச்சுற்று வெளியே தெரியும். பற்றவைத்ததில் மெல்லிய வெள்ளிக்கோடுதான்.

இனி அளவு. பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒரு நூலைச் சுற்றி நீளத்தைப் பாருங்கள். பெயரளவில் அரை அங்குலமான மரைக் குழாய்க்குச் சுற்றளவு 67 மில்லிமீட்டர். இன்றைய முக்கால் அங்குலச் செம்புக் குழாய்க்கு 70. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பழைய பெயின்ட் அதையும் மறைத்துவிடும். வெட்டிய மரைக் குழாய் முக்கால் அங்குல ஃபிட்டிங்குக்குள் சுலபமாக இறங்கும், பொருந்திவிட்டது போலவே இருக்கும். ஆனால் சுற்றிலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி. சால்டர் அதை ஒழுங்காக நிரப்பாது, ஒழுகும். மரைகளை எண்ணிப் பார்ப்பதும் உதவாது: அரை, முக்கால் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான்.

சரியான வழி, வெட்டிய முனையை விட்டுவிட்டு அருகிலுள்ள மரை மூட்டு வரை போவது. பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்த பிறகு தொடங்குங்கள். இரண்டு பைப் ரெஞ்ச் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. மரை வெட்டிய இடத்தில் சுவர் கனம் பாதியளவுதான் மிஞ்சும், ஒற்றை ரெஞ்சால் முறுக்கினால் அங்கேதான் விரியும். ஒரு முனையைக் கழற்றத் திருப்பினால் மறுமுனை இறுகும். யூனியன் (குழாயைத் திருப்பாமலே பிரிக்கக்கூடிய இணைப்பு) இல்லாவிட்டால் நடுவில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய மரை நன்றாக இருந்தால் அரை அங்குல உள்மரை அடாப்டர் போதும். புதுக் குழாயை அதில் தனியே பற்றவைத்து, ஆறிய பிறகு மரையில் ஏற்றுங்கள். சூடு பழைய மூட்டுகளில் ஒழுகாமலிருக்கத் தடவிய பூச்சைக் கெடுக்கும்.

இரண்டு மாடி வீட்டுக்குக் குளிர்ந்த நிலையில் அழுத்தம் பொதுவாக 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு). தண்ணீர் நிரப்பியதும் ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றி, புதிய மூட்டின் அடியில் காகிதம் விரித்து, முதல் சூடேறலின்போது ஒரு சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.