நேதாஜி ஏறிய நீர்மூழ்கியும் திலாவா கப்பலும்

நண்பர்களே, 1943 ஏப்ரலில், மடகாஸ்கருக்கு அப்பால், நேதாஜி ஒரு ரப்பர் படகில் ஏறி ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். எத்தனை மேடைகளில் இதைக் கேட்டு மெய்சிலிர்த்திருக்கிறோம்! அந்த ஜப்பானிய நீர்மூழ்கியின் பெயர் ஐ-29. ஐந்து மாதம் முன்பு அதே ஐ-29 என்ன செய்தது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ‘திலாவா’, 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் நோக்கிக் கிளம்பியது. பயணிகளும் மாலுமிகளுமாக 958 பேர். பெரும்பாலும் இந்தியர்கள். ஆப்பிரிக்காவில் பிழைப்பு வைத்திருந்தவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள்.

23ஆம் தேதி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே, சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே முதல் டார்பிடோ பாய்ந்தது. உயிர்காப்புப் படகுகளை நோக்கி ஒரே தள்ளுமுள்ளு. அந்த நெரிசலிலேயே பலர் கடலில் விழுந்தார்கள். ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. கொடுமையே அதுதான். நேரம் போகப் போக, ‘சரி, கப்பல் மிதக்கிறது, திரும்பி ஏறிவிடலாம்’ என்று படகிலிருந்த சிலருக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் இரண்டாவது டார்பிடோ. அபாயச் செய்தியை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்த ரேடியோ அதிகாரி கப்பலோடு போனார். மொத்தம் 280 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் நடுக்கடலில் இரண்டு நாள் தவித்தபின், ‘பர்மிங்ஹாம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து பெரும்பாலானோரைத் தூக்கிக் கரைசேர்த்தது.

நேதாஜியின் துணிச்சலைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஜப்பானியருக்குத் திலாவா எதிரி நாட்டுக் கப்பல், அவ்வளவுதான். ஆனால் அதில் செத்தது நம் ஜனங்கள். அந்த நீர்மூழ்கியின் கதையில் ஒரு பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், அந்தக் கப்பலில் 2,364 வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. 2017இல் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை எடுத்தார்கள். எடுத்தவர்கள், அந்த வெள்ளிக்குச் சொந்தக்காரரான தென்னாப்பிரிக்க அரசிடம் மீட்புக் கூலி கேட்ட வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கட்டிகளுக்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது.

டர்பனில் உறவுள்ள குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். 1942 கடைசியில் கப்பலேறி, பிறகு தகவலே வராமல் போனவர் யாராவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.