18 நாள் தொழிலுக்கு 3 நாள் பயிற்சியா?

வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெரியவர்களே, வணக்கம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு விவசாயத்தில் வேலை என்றாலே மானியத்தில் மெஷின் வாங்கிக் கொடுப்பது என்றாகிவிட்டது. நெல் நடவு மெஷினையே எடுத்துக்கொள்வோம். குழுவாகச் சேர்ந்து நாற்று வளர்த்து, அதை மெஷினால் விவசாயிக்கு நட்டுக் கொடுக்கும் தொழில் இது. அதை ஓட்டப் பழகுவது பெரிய காரியமில்லை. அது ஒழுங்காக நடுமா நடாதா என்பது நாற்றின் கையில் இருக்கிறது. அந்த நாற்று வளர 15 முதல் 18 நாள் ஆகும். பயிற்சியோ பல இடங்களில் 3 நாளில், சாப்பாடும் சான்றிதழுமாக முடிந்துவிடுகிறது. மெஷின் ஏன் கொட்டகையில் தூங்குகிறது என்று அப்புறம் கேட்கிறோம்.

மெஷினுக்கான நாற்றைத் தட்டில் வளர்க்க வேண்டும். ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு வேண்டும். தட்டு ஏறக்குறைய இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குல ஆழம். மண்ணைச் சலிக்காமல் போடவே கூடாது. மெஷினில் நாற்றைக் கிள்ளி எடுக்கும் விரலில் ஒரு சின்னக் கல் சிக்கினால் போதும், விரல் வளைந்துவிடும். அந்த வரிசை முழுக்க நாற்று விழாத வெற்றுக் குத்துதான். சலித்த மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரம் கலந்து முக்கால் அங்குலம் பரப்புங்கள். மக்காத உரமென்றால் சூடேறி வேர் கருகும்.

விதை 24 மணி நேரம் ஊற வேண்டும், அப்புறம் ஈரச்சாக்கில் இன்னொரு 24 மணி நேரம். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுங்கள். நீள விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தூவும்போது ஒடியும். தட்டுக்கு 100 முதல் 120 கிராம் விதை. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கைவாக்கில் வீசினால் ஒரு மூலை அடர்த்தி, ஒரு மூலை வழுக்கை. மெஷினுக்குக் கண்ணா இருக்கிறது? வழுக்கையையும் அதே அளவுதான் கிள்ளும். தட்டுக்குரிய விதையை அளந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள். மேலே மெல்லிசாக மண், அதன்மேல் இரண்டு நாளைக்கு வைக்கோல், பூவாளித் தண்ணீர்.

15ஆம் நாள் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். உதிராமல் பாய் மாதிரிச் சுருண்டு வந்தால் நடவுக்குத் தயார். நடவுக்கு முந்தின நாளே தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஊறிப்போன பாய் மெஷினில் ஏற்றியதும் அமுங்கிக் குழைந்துவிடும். ஒரேயடியாகக் காய்ந்தாலும் கீழே வழுக்கி இறங்காது.

வயலுக்கு வருவோம். தொளி கலக்கிய, அதாவது வயலை உழுது சேறாக்கிய கையோடு மெஷினை இறக்காதீர்கள். மணற்பாங்கான நிலம் ஒரு நாள், களிமண் இரண்டு நாள் படிய வேண்டும். சேற்றில் விரலால் கோடு கிழித்துப் பாருங்கள். சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் படியவில்லை, மெல்ல மூடினால் இறக்கலாம். தண்ணீர் அரை அங்குலம் போதும். அதிகமானால் நட்டது மிதக்கும், பழியோ மெஷின்மேல் விழும்.

இந்தத் தொழிலுக்கு நம் மதுரைப் பக்கத்துப் பெரியாறு பாசனம் வாய்ப்பான இடம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். அதற்கு ஜூனில் தண்ணீர் எதிர்பார்ப்போம். மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பரப்பு ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். அங்கே திறப்பு செப்டம்பர் வாக்கில். ஆக ஒரே மெஷின் இடம் மாறி இரண்டு பட்டத்திலும் ஓடலாம். ஆனால் தண்ணீர் வைகை அணையிலிருந்து வருவதால், அதன் இருப்பைப் பார்த்துத் திறப்புத் தேதி தள்ளிப்போகும். தள்ளினால் தட்டு நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்று பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டாது. அதனால் எல்லாத் தட்டையும் ஒரே நாளில் விதைக்காமல், ஐந்தைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதையுங்கள். தட்டுக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் முன்பணம் வாங்கிவிடுங்கள்.

கூலியில்தான் தகராறே. மெஷின் ஓட்டுபவருக்கு ஏக்கர் கணக்கில் பணம், நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது வேலை இல்லை, ஓசி உழைப்பு. அந்த 18 நாளுக்கும் நாள்கூலி உண்டு என்று குழுவின் நோட்டிலேயே எழுதுங்கள். மெஷின் வந்ததால் நடவு வேலை போனது பெண்களுக்கு. நாற்றுத்தட்டு வேலையை முதலில் அவர்களிடமே கேளுங்கள். நட்ட 15ஆம் நாள் களையெடுப்பு வரும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி இருப்பதால் பவர் வீடர் என்கிற களையெடுக்கும் மெஷின் தாராளமாக நுழையும். அந்த வேலையையும் இதே குழு, நடவுக்குப் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடலாம்.