தலையணையில் ஒட்டிய மஞ்சள்

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மழையிலும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

போர்க்கால ஆலைப் பெண்களைப் பற்றிய ஆங்கிலக் காதல் நாவல்களை நான் பத்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்த நாவல்களை அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தலையில் கட்டிய துணி, சிவந்த உதடு, பின்னால் ஒரு புகைபோக்கி. உள்ளே போனால் முதல் அத்தியாயத்தில் ஆலை வரும், மூன்றாவதில் காணாமல் போய்விடும். அப்புறம் நடனக் கூடம், ரயில் நிலையம், கடிதம். என் புகார் இதுதான்: காதலைத் தேடி ஆலைக்கு வெளியே ஓடுகிறார்கள். கதைக்கு வேண்டியதெல்லாம் உள்ளேதான் கிடக்கிறது.

முதல் உலகப் போரை எடுத்துக்கொள்வோம். 1915-இல் பிரிட்டிஷ் படைக்குப் பீரங்கிக் குண்டு போதவில்லை. அதுவரை நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜைப் பொறுப்பாக வைத்து வெடிமருந்துக்கென்றே ஓர் அமைச்சகம் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து எல்லையில், கிரெட்னாவில், ஒன்பது மைல் நீளத்துக்கு ஓர் ஆலை எழுந்தது. 1917-இல் அங்கே 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். பலர் அதற்கு முன் பெரிய வீடுகளில் பாத்திரம் கழுவி, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள்.

கிரெட்னா என்றதும் இங்கிலாந்துக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1753-இல் திருமணச் சட்டம் இறுகிய பிறகு, வீட்டார் சம்மதிக்காத இளசுகள் எல்லை தாண்டி ஓடிவந்து கொல்லன் பட்டறையில் கல்யாணம் செய்துகொண்ட கிரெட்னா கிரீன் அங்கேதான் இருக்கிறது. ஓடிப்போனவர்களின் ஊருக்குப் பக்கத்திலேயே வெடிமருந்து ஆலை! இந்தப் பொருத்தத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று விமர்சகர்கள் கிழித்திருப்பார்கள்.

அந்த ஆலையில் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் தொட்டியில் போட்டுக் கையால் பிசைந்தார்கள். பார்க்க வந்த, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் அதற்குப் 'பேய்க்கூழ்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். கலிங்கத்துப்பரணி படித்த நமக்குப் பேய்கள் கூழ் அடுவது புதிதில்லை. அங்கே போர் முடிந்த பிறகு அடுவார்கள், இங்கே போருக்கு முன்பே. அவ்வளவுதான்.

இப்போது வெடிமருந்து ஆலை ஒன்றின் வாசலுக்கு வாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும் நேரம். தரையில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் 'அழுக்கு', அந்தப் பக்கம் 'சுத்தம்'. தெருச் செருப்பை இந்தப் பக்கமே கழற்ற வேண்டும், ஆணி இல்லாத செருப்பை அந்தப் பக்கம் போய்த்தான் மாட்ட வேண்டும். கொண்டை ஊசி கூடாது, உலோகப் பொத்தான் கூடாது, தீக்குச்சி கூடவே கூடாது. ஒரு பொறி போதும். பெண் காவலர்கள் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். இரண்டாம் போரில் விரலை விட்டு வராத கல்யாண மோதிரத்துக்கு மேல் நாடா சுற்றிவிட்டு உள்ளே அனுப்பினார்கள். நாடா சுற்றிய மோதிரத்தோடு பத்து மணி நேரம் குண்டுக்கு மருந்து நிரப்புகிறாள் ஒருத்தி. அந்த விரலை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். நமக்குக் கிடைப்பதென்னவோ நிலா வெளிச்சம்தான்.

இன்னொன்று. 1915-இலிருந்து பல பகுதிகளில், மதுக்கடையில் ஒருவர் இன்னொருவருக்குப் பானம் வாங்கிக் கொடுப்பதே குற்றம். மனைவிக்கு வாங்கிக் கொடுத்த கணவனுக்குக்கூட அபராதம் விழுந்திருக்கிறது. ஆனால் நாவலில் கதாநாயகன் 1916-இல் ஜம்மென்று இரண்டு கோப்பையோடு வருவான்!

சரி, மஞ்சளுக்கு வருகிறேன். டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் குண்டில் நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாகும், முன்முடி செம்பட்டையாகும். 'கேனரி' என்று மஞ்சள் குருவியின் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். சிலருக்குப் பிறந்த குழந்தையே மஞ்சளாக இருந்தது. கல்லீரல் கெட்டுச் செத்தவர்களும் உண்டு. நாவலாசிரியர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் நாயகியின் கன்னத்தை ரோஜாவாக்கிவிடுகிறார்கள்.

தமிழில் படித்தவருக்கு இந்த இடத்தில் மனம் பதறும். காதலன் பிரிந்தால் பெண்ணின் மேனியில் படரும் நிறத்துக்குப் பசலை என்று பெயர் வைத்து, அதற்கென்றே பத்துக் குறள் எழுதிய மொழி இது. குறுந்தொகையில் பரணர், ஊர்க் கேணியின் பாசிபோல, தொடத் தொட விலகும், விட விடப் பரவும் என்கிறார். கேனரிப் பெண்ணின் மஞ்சள் அப்படி இல்லை. அவன் தொட்டாலும் போகாது, தொட்ட கையிலும் ஒட்டும்.

பிரிவு பக்கமே வராத இடம் அல்ல ஆலை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துப் பக்கம் பார்ன்பவ் ஆலையில் 1916 டிசம்பர் 5 இரவு, பத்து மணிக்கு மேல், 42-ஆம் அறையில் குண்டு வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையை வைத்துத்தான் பலரை இன்னாரென்று கண்டுபிடிக்க முடிந்தது. தணிக்கை காரணமாகச் செய்தி வெளிவரவில்லை. அதே அறையில் வேலை செய்ய மற்றப் பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். போர்முனையில் இருந்த அவர்களுடைய காதலர்களுக்கு இதை யார் எழுதியிருப்பார்கள்? 'அவன் திரும்பி வருவானா' என்று ஏங்கும் நாவல்கள் நூறு படித்துவிட்டேன். அவள் இருப்பாளா என்று பதுங்குகுழியில் ஒருவன் ஏங்குவதை நான் இன்னும் படிக்கவில்லை.

என்னை எழுதச் சொன்னால் ஒரே ஒரு காட்சி எழுதுவேன். லீவில் வந்தவன் விடியற்காலை ரயிலுக்குப் போய்விட்டான். அவள் படுக்கையை உதறுகிறாள். அவளுடைய தலையணை உறையில் வழக்கமான மஞ்சள் கறை. அவனுடைய உறையைப் புரட்டுகிறாள். அதிலும், கன்னம் பட்ட இடத்தில், லேசாக. துவைக்க எடுத்த உறையை வாளியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆலையில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுகிறது.