72 மணித்தியாலப் பீம்டைம்: கொழும்பிலிருந்தே திட்டமிடுவது எப்படி?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சாம்பல் நிற வில்லை]

இந்த வில்லையைப் பாருங்கள். குறுக்கே 13 மில்லிமீட்டர். பார்த்தால் பனடோல் குளிசை மாதிரித்தான் இருக்கும். இதற்குள் புல்மோட்டைக் கடற்கரை மணலில் பிரித்தெடுத்த இல்மனைற், அதாவது இரும்பும் தைத்தானியமும் உள்ள கறுப்புக் கனிமம், சுமார் 10 மில்லிகிராம் இருக்கிறது. மிச்சம் முழுக்க, எக்ஸ்-கதிரை அதிகம் தடுக்காத போரன் நைத்திரைட்டுத் தூள். இதை ஒரு சின்க்ரோட்ரானின் எக்ஸ்-கதிருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கத்தான் இவ்வளவு பாடும்.

சின்க்ரோட்ரான் என்பது ஒரு பெரிய வளையம். அதற்குள் எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது மிகச் செறிவான எக்ஸ்-கதிர் வெளியே வருகிறது. தாய்லாந்தின் நக்கோன் ராச்சசீமாவில் உள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 81 மீட்டர். இந்தூரில் உள்ள இண்டஸ்-2, 172 மீட்டருக்குச் சற்று மேல். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஈஎஸ்ஆர்எஃப் 844 மீட்டர். இலங்கையில் ஒன்றும் இல்லை. ஆகவே நாம்தான் போகவேண்டும்.

போனால் மூன்று நாள் தருவார்கள். 72 மணித்தியாலம். இந்த நேரத்துக்குத்தான் பீம்டைம் என்று பெயர், விண்ணப்பித்துத்தான் பெறவேண்டும். என் அனுபவத்தில் அந்த மூன்று நாளில் நடப்பது அறுவடை மட்டும்தான். பயிர் விளைவதும் பட்டுப்போவதும் கொழும்பிலேயே முடிந்துவிடுகிறது.

[திரையில்: ஒரு வெற்றுத் தாள், மேலே ஒரே ஒரு கேள்வி]

முதலில் கேள்வி. "எங்கள் மாதிரியை எக்ஸ்-கதிரில் பார்க்க விரும்புகிறோம்" என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். எங்கள் கேள்வி இதுதான்: கடற்கரையில் வெயிலும் நீரும் பட்டுக் கிடக்கும் இல்மனைற்றில் இரும்பு எவ்வளவு +2 நிலையில் (இரண்டு எலெக்ட்ரான் இழந்த நிலை) இருக்கிறது, எவ்வளவு இன்னொன்றையும் இழந்து +3 ஆக மாறிவிட்டது? இரும்பு எக்ஸ்-கதிரைத் திடீரென்று கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும் இடத்தை விளிம்பு என்போம், அது கதிரின் சக்தி 7112 எலெக்ட்ரான் வோல்ட் ஆகும்போது வரும். +2 இலிருந்து +3 க்குப் போகும்போது அந்த விளிம்பு சில எலெக்ட்ரான் வோல்ட் மேலே நகரும். அந்த நகர்வைத் தெளிவாக அளக்கத்தான் நமக்குச் சின்க்ரோட்ரான் தேவைப்படுகிறது.

மாதிரியில் என்ன கனிமம் இருக்கிறது என்று அறிய மட்டும் சின்க்ரோட்ரானுக்குப் போகவேண்டாம். அதை இங்கேயே ஒரு சாதாரண எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுக் கருவியில் பார்த்துவிடலாம். ஹோமாகமவில் இருக்கும் நனோ தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 138 ஆம் இலக்க பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், ஹைலெவல் வீதி நெரிசலைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. இங்கே எடுத்த தரவை விண்ணப்பத்தில் வைத்தால், "இவர்களுக்குத் தங்கள் மாதிரியைத் தெரியும்" என்று மதிப்பீட்டுக் குழு நம்பும்.

விண்ணப்பம் எழுதும் முன் அந்தப் பீம்லைன் (வளையத்திலிருந்து வரும் கதிரைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடம்) விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வெட்கப்படாதீர்கள். "எங்கள் மாதிரி இது, செறிவு இவ்வளவு, உங்கள் கருவியில் முடியுமா?" மூன்று வரி போதும். நான் அறிந்தவரை அவர்கள் பதில் சொல்கிறார்கள். சாத்தியமில்லாத வேலையோடு ஒருவர் வந்து இறங்குவது அவர்களுக்கும் தலையிடிதான்.

அப்புறம் நாட்காட்டி. ஈஎஸ்ஆர்எஃப் போன்ற இடங்களில் வருடத்துக்கு இரண்டு தடவை விண்ணப்பம் கோருவார்கள். மார்ச்சில் அனுப்பினால் பீம்டைம் கிடைப்பது அந்த வருடத்தின் பின்பாதியில்தான். வளையமே மூடியிருக்கும் காலமும் உண்டு. ஈஎஸ்ஆர்எஃப் தன் பழைய வளையத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டுவதற்காக 2018 டிசம்பரில் மூடி, பயனர்களுக்கு மறுபடி திறந்தது 2020 ஓகஸ்ட்டில். நம் பக்கத்திலும் கணக்குப் பாருங்கள்: சித்திரை வருடப்பிறப்புக் கிழமையில் ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். போயா தினங்களையும் குறித்துவையுங்கள்.

பிரான்சுக்கான ஷெங்கன் விசா என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்கவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். அந்த நிலையத்தின் அழைப்புக் கடிதம் கையில் வந்த அன்றே இதைத் தொடங்குங்கள். இலங்கை ஈஎஸ்ஆர்எஃப்பின் உறுப்பு நாடு அல்ல, ஆகவே பயணச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை விண்ணப்பக் கட்டத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இண்டஸ்-2 இருப்பது இந்தியாவின் அணுசக்தித் துறைக்குச் சொந்தமான வளாகத்தில். வெளிநாட்டவர் உள்ளே போக விசாவுக்கு மேலதிகமாக அனுமதி எடுக்கவேண்டும், அதற்கும் நாள் விடுங்கள். விமானச் சீட்டு, தங்குமிடம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விருந்தினர் விடுதி இருந்தால் அதையே எடுங்கள், இரவு இரண்டு மணிக்கு டாக்சி தேடி அலையவேண்டாம்.

[திரையில்: கறுப்பு மணல், பக்கத்தில் ஒரு காந்தம்]

இனி மாதிரி. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

புல்மோட்டை மணலில் இல்மனைற், ருத்தைல், சேர்க்கன் மட்டும் இல்லை, கொஞ்சம் மொனசைற்றும் இருக்கிறது. மொனசைற்றில் தோரியம் உண்டு. ஆகவே அது கதிரியக்கமுள்ளது. எந்தச் சின்க்ரோட்ரானும் மாதிரிப் படிவத்தில் முதலில் கேட்பவற்றில் ஒன்று, "கதிரியக்கம் உண்டா?" என்பது. "இயற்கை மணல்தானே" என்று "இல்லை"யில் குறி போட்டுவிட்டுப் போய் அங்கே வாசலில் மாட்டவேண்டாம். ஒறுகொடவத்தையில் இருக்கும் அணுசக்திச் சபையில் காமா அளவீடு செய்வித்து அந்த அறிக்கையைப் படிவத்தோடு இணையுங்கள். பிரிக்காத மணலைக் கொண்டுபோகாமல், காந்தத்தால் பிரித்துத் துப்புரவாக்கிய இல்மனைற்றையே கொண்டுபோங்கள். கனிமத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போவதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சில கிராம்தானே என்று எண்ணாமல் புவிச்சரிதவியல், சுரங்கங்கள் பணியகத்தில் முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, வில்லையில் இல்மனைற் ஏன் இவ்வளவு கொஞ்சம்? இல்மனைற்றில் இரும்பு மட்டும் எக்ஸ்-கதிரைக் குடிப்பதில்லை, தைத்தானியமும் நன்றாகவே குடிக்கும். 13 மில்லிமீட்டர் வில்லையில் 10 மில்லிகிராம் போட்டால் இரும்பின் விளிம்பில் உறிஞ்சல் தெளிவாக ஏறுவது தெரியும், கதிரும் மறுபக்கம் போகும். 50 மில்லிகிராம் போட்டால் மறுபக்கம் இருட்டு. முதல் தடவை நான் கண்ணால் பார்த்து "போதும்" என்று போட்டேன். ஒரு முழு ஷிஃப்ட், அதாவது எட்டு மணித்தியாலம், தட்டையான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரைப்பதும் அப்படித்தான். இந்தக் கதிர் இல்மனைற்றுக்குள் சுமார் 8 மைக்ரோமீட்டர் போவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்காகிவிடும். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். மணி பெரிதாக இருந்தால் கதிர் மணிகளுக்கு இடையிலுள்ள ஓட்டைகளால் நழுவிப் போகும், அளவு பொய்யாகும். அகேற் என்ற கடினக் கல் உரலில், எதனோல் விட்டு, விரலிடையில் தேய்த்தால் நெறுநெறுப்புத் தட்டாத பதம் வரும்வரை அரைக்கவேண்டும். கையுறை போட்டபடிதான். எதனோல் விடுவதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு: உலர அரைத்தால் சூடேறிக் காற்றுப் பட்டு +2 இரும்பு +3 ஆக மாறக்கூடும். நாம் அளக்கப் போவதே அதைத்தானே!

[திரையில்: வரிசையாக 14 வில்லைகள், எல்லாம் ஒரே நிறம்]

பெயர் ஒட்டும்போது பென்சிலால் எழுதுங்கள். நான் பேனாவால் எழுதினேன். பக்கத்தில் எதனோல் போத்தல் சரிந்தது. 14 வில்லைகள், எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் ஒரே அளவு, எது எந்த இடத்து மணல் என்று ஒருவருக்கும் தெரியாது. சேர் ஒன்றும் பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டு கிழமை வேலை திரும்பவும்.

பயணப்பையில் தூளில் செய்த வில்லைகள் கொண்டுபோகிறீர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். போரன் நைத்திரைட்டு நச்சு அல்ல, வெடிக்காது. ஆனால் ஸ்கானரில் பார்க்கிறவருக்கு அது தெரியவேண்டும் என்று இல்லை. துறைத்தலைவரின் கடிதம், பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள், நிலையத்தின் அழைப்பு மூன்றையும் வில்லைப் பெட்டியோடு ஒரே உறையில், கைப்பையில் வையுங்கள்.

[திரையில்: ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை]

இப்போது நேரக் கணக்கு. 72 மணித்தியாலம் என்றால் ஒன்பது ஷிஃப்ட். முதலாவது ஷிஃப்ட் கதிரை நேர்ப்படுத்தவும் இரும்புத் தகட்டால் 7112 ஐச் சரிபார்க்கவும் போய்விடும். ஒன்றை விபத்துக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் கதிர் எப்போதாவது நின்றுபோகும். மிச்சம் ஏழு. ஒரு ஸ்கான் 25 நிமிடம், நம்பிக்கைக்கு மூன்று ஸ்கான், வில்லை மாற்ற 15 நிமிடம்: ஒரு மாதிரிக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஐந்து. காகிதத்தில் 35 மாதிரி வரும். நான் 20 க்கு மேல் எழுதமாட்டேன். அதிலும் நாலு இடம் ஒப்பீட்டு மாதிரிகளுக்கு (இரும்பின் நிலை முன்பே தெரிந்தவை) போகும். அவை இல்லாமல் மற்றவற்றை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.

அந்த 20 ஐயும் மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம், வேண்டும், நேரம் இருந்தால். கொழும்பில், பகலில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு, கதிர் திரும்பி வந்து ஐந்து நிமிடத்தில், எதைக் கைவிடுவது என்று மூன்று பேர் வாக்குவாதப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் நான்.

ஆள் கணக்கும் இதில்தான் வருகிறது. இரண்டு பேர் 72 மணித்தியாலம் தாங்கலாம், ஆனால் மூன்றாம் நாள் கோப்புப் பெயர்களில் பிழை வரத் தொடங்கும். மூன்று பேர் போங்கள். யார் எந்த எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்வது என்பதையும் அட்டவணையில் எழுதுங்கள்.

அங்கே போனதும் பாதுகாப்பு வகுப்பு, பிறகு சட்டையில் குத்த ஒரு டோசிமீட்டர், அதாவது உடம்பில் படும் கதிரை அளக்கும் கருவி, தருவார்கள். மாதிரி இருக்கும் ஈயச் சுவர் அறையை மூடும் முன் ஒருவர் உள்ளே போய், மூலை மூலையாகப் பார்த்து, சுவரிலுள்ள பொத்தான்களை வரிசையாக அழுத்திக்கொண்டு வெளியே வரவேண்டும். உள்ளே ஆள் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு சைரன், கதவு, கதிர். வரிசை பிழைத்தால் முதலிலிருந்து. ஒவ்வொரு வில்லைக்கும் இது உண்டு, அந்த 15 நிமிடம் இதற்குத்தான்.

கடைசி இரண்டு மணித்தியாலத்தில் புதிய மாதிரி ஏற்றாதீர்கள். தரவை இரண்டு வன்தட்டில் பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் பையிலும் மற்றதை இன்னொருவர் பையிலும் வையுங்கள். கையெழுத்துக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். வில்லைகளை எண்ணிப் பெட்டியில் போடுங்கள், ஒன்றையும் மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். டோசிமீட்டரையும் திருப்பிக் கொடுங்கள். நான் அதை வெள்ளவத்தையில் உடுப்புத் தோய்க்க எடுத்தபோதுதான் கண்டேன். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன், ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு.