சீப்பை ஒளித்து வைத்தவர்களுக்கு

(வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், கைதட்டலை மட்டும் விட்டுவிட்டேன். அது அதிகம் இல்லை.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வேறு ஒரு விழா இருந்தும் இங்கே வந்து, அங்கேயும் போக வேண்டியிருப்பதால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, நாற்காலி இல்லாமல் ஜன்னல் ஓரம் நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். செயலாளருக்குத் தனியாக ஒரு வணக்கம். மைக், நாற்காலி, சுண்டல் எல்லாம் அவர் ஏற்பாடு. அழைப்பிதழும் அவர் ஏற்பாடுதான். அதில் 'சீப்பு' என்பது 'சிப்பு' என்று அச்சாகிவிட்டது. கம்ப்யூட்டர் சிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நம்பி இரண்டு இளைஞர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தது வந்துவிட்டீர்கள், எழுந்து போய்விடாதீர்கள் தம்பிகளே.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தலையைப் பார்த்தால் சீப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று தோன்றும். சீப்போடு கொடுக்கல் வாங்கல் முடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதனால்தான் நடுநிலையோடு பேச முடிகிறது.

ஐந்து சீப்புகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தலைச்சீப்பு, வாழைச்சீப்பு, கோட்டைச்சீப்பு, தறிச்சீப்பு, தேனீக்களின் சீப்பு. ஐந்துக்கும் நேரம் இருக்குமா என்பது உறுப்பினரின் கடிகாரத்தைப் பொறுத்தது. எங்கே சுற்றினாலும் ஒரு பழமொழிக்குத் திரும்பி வருவேன், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்: சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா?

தலையிலிருந்து தொடங்குவோம். 'சீத்தல்' என்று ஒரு பழைய வினை இருக்கிறது. துடைத்துத் தள்ளுவது, விலக்கி ஒதுக்குவது என்று பொருள். 'இருள் சீக்கும் சுடர்' என்கிறது கலித்தொகை. கடலுக்கு மேலே எழுந்து இருட்டை வாரி ஒதுக்கும் சூரியன். அந்த வினையிலிருந்துதான் நம் சீப்பு வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று காலையில் நாம் செய்வதும் சூரியன் செய்வதும் ஒரே வேலை என்று சொன்னால் கொஞ்சம் ஓவராக இருக்கும், ஆனாலும் சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆங்கிலத்துக் 'கோம்ப்' வேறு வழியாக வந்தது. அதன் மூலச்சொல்லுக்குப் பல் என்று பொருள். சமஸ்கிருதத்தில் பல்லைக் குறிக்கும் 'ஜம்ப' என்ற சொல்லும் அதற்கு உறவு. அவர்கள் உருவத்தைப் பார்த்துப் பேர் வைத்தார்கள், நாம் அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்தோம். யார் கெட்டிக்காரர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஏனென்றால் நாமும் 'சீப்புக்குப் பல் போயிடுச்சு' என்றுதான் சொல்கிறோம்.

சீவுவது என்ற வினையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பென்சிலைச் சீவுகிறோம், இளநீரைச் சீவுகிறோம், பனை ஏறுகிறவர் பாளையைச் சீவுகிறார். 'வாடி கண்ணு, தலை சீவி விடுறேன்' என்று அம்மா கூப்பிட்டால் பிள்ளை ஓடிப்போய் மடியில் உட்காருகிறது. அதே சொல்லைத் தெருமுனையில் ஒருவன், 'டேய், தலையைச் சீவிடுவேன்' என்று கத்தினால் ஊரே கதவைச் சாத்துகிறது. இரண்டும் தமிழ்தான், இரண்டும் ஒரே வினைதான். ஒரு 'ஐ' உருபுதான் நடுவில் நிற்கிறது. இலக்கணம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிற மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள் அம்மா, உயிரைக் காப்பாற்றும்.

உலகத்தில் கிடைத்த சீப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரத்தின் இடிபாட்டில் கிடைத்தது. யானைத் தந்தம். சின்னது, மூன்றரை சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மறைந்துவிடும். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பல், மறுபக்கம் பேன் எடுக்கப் பதினான்கு பொடிப்பல். நம் வீட்டுப் பேன் சீப்பை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1700 வாக்கில் செய்தது என்கிறார்கள். தோண்டி எடுத்த அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெட்டிக்குள் போய்விட்டது. சில வருஷம் கழித்து ஒரு ஆய்வாளர் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் எழுத்து கீறியிருப்பது கண்ணில் பட்டது. 2022-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பதினேழு எழுத்து, ஏழு சொல். தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். அந்தப் பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த கானானியர்களின் எழுத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய முழு வாக்கியம் அதுதான். ராஜா பேர் இல்லை, போர் இல்லை, பேன். அது பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். வராமல் விடமாட்டேன், செயலாளருக்குத் தெரியும்.

அடுத்து வாழை. தமிழனுக்குக் குலை அல்லது தார், அதில் சீப்பு, சீப்பில் பழம். ஆங்கிலத்தில் அந்தச் சீப்பைக் 'கை' என்கிறார்கள், பழத்தை 'விரல்' என்கிறார்கள். அவர்கள் கையைப் பார்த்த இடத்தில் நாம் சீப்பைப் பார்த்திருக்கிறோம். யார் சரி? வாழைப்பூவை ஆய்ந்தவர்களைக் கேளுங்கள். ஒரு மடலைத் தூக்கினால் அடியில் இளமஞ்சள் பூக்கள் வரிசையாக ஒட்டி நெருக்கமாக நிற்கும். அந்த வரிசைதான் நாளைக்குச் சீப்பாகிறது. பழமான பிறகு பார்த்தால் கை மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பூவில் பார்த்தால் சீப்பேதான். நாம் பூவிலேயே பார்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேவல் தலையில் இருப்பதை ஆங்கிலத்தில் சீப்பு என்கிறார்கள், நாம் கொண்டை என்கிறோம். அவர்கள் சேவலுக்குச் சீப்பைக் கொடுத்தார்கள், நாம் சீவி முடித்து அனுப்பிவிட்டோம். போலீஸ் காட்டுக்குள் இறங்கித் தேடினால் ஆங்கிலப் பத்திரிகையில் காட்டையே 'சீவுகிறார்கள்'. நாம் சல்லடை போட்டுத் தேடுகிறோம். அவர்களுக்குத் தலைவாரும் மேஜை ஞாபகம், நமக்கு அடுக்களை ஞாபகம்.

கோட்டைச்சீப்பு. இது பலருக்குப் புதிதாக இருக்கும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரும்போது 'எழுவும் சீப்பும்' என்று வருகிறது. கோட்டைக் கதவுக்கு வலுவாக, உள்வாசலில் நிலத்தில் இறங்கும்படி விழவிடுகிற மரங்களைச் சீப்பு என்றிருக்கிறார்கள். வரிசையாக இறங்கி நின்றால் பல் மாதிரி இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், பண்டிதர்கள் மன்னிக்க. கல்யாணத்தை நிறுத்த முடியாத சீப்பு ஒரு காலத்தில் படையை நிறுத்தியிருக்கிறது!

இப்போது ஒரு கதை. போன மாதம் நடந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு 84 வயது. என் பேத்திக்கு ஏழு. பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியைக் கிளறி ஒரு பித்தளைக் கம்பியை எடுத்தார். ஒரு சாண் இருக்கும், ஒரு முனை கூர், மறுமுனையில் சின்ன வளையம். 'எங்க காலத்துல இதாலதான் சிக்கெடுப்போம், சிணுக்கோலின்னு பேரு' என்றார். பேத்தி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'தாத்தா, இது சீப்பே இல்லை, ஒரே பல்லுதான் இருக்கு' என்றாள். அப்புறம் கேட்டாள், 'சிணுக்குன்னா என்ன? நான் சிணுங்கினா அம்மா திட்டுவாங்களே, அதுவா?' எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தாவுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. 'நாளைக்கு அகராதியில் பார்த்துச் சொல்றேன்' என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள், ஊர் பேர் வேண்டாம். தமிழ்ப் பேரகராதி கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது, பீரோ பூட்டியிருக்கிறது. சாவி உதவியாளரிடம், உதவியாளர் லீவில். சரி என்று வந்துவிட்டேன். இரண்டாம் நாள் உதவியாளர் இருக்கிறார், சாவி இருக்கிறது, பூட்டு துருப்பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தோம். உள்ளே ஆறு தொகுதிதான் நிற்கிறது. ஏழு இருக்க வேண்டும். எது இல்லை? எனக்கு வேண்டியதுதான், 'சி' இருக்கிற தொகுதி. தேடு தேடு என்று தேடி, கடைசியில் உதவியாளரே கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டு தன் மேஜையைக் காட்டினார். கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் இருக்கிறது. உயரத்துக்கு. 'எடுத்தா கழுத்து வலிக்கும் சார்' என்றார், பாவம், பொய் சொல்லவில்லை, திரை தாழ்வுதான். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதே கனம், அதே உயரம். நான் திரையைத் தூக்க, அவர் அகராதியை உருவ, நான் டைரக்டரியைச் செருக, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி நடந்தது. தூசி தட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, 'சி' பக்கம் வந்து விரலை வைத்து இறக்கிக்கொண்டே வருகிறேன், லைட் அணைந்துவிட்டது. ஐந்து மணி. மூடும் நேரம்.

சொல் கிடைத்ததா என்று தலைவர் ஐயா கேட்கிறார். சாவி கிடைத்தால் சொல்கிறேன் ஐயா. நாலாம் நாள் உதவியாளர் மறுபடி லீவு.

சிரித்தது போதும். அந்த அகராதி என்ன சாதாரணப் புத்தகமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்டது, 1939-ல் ஒரு பின்னிணைப்பு. ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த வேலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதைப் பூட்டி வைப்பது பாதுகாப்பாம். சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நிற்காது, சரிதான். ஆனால் மணப்பெண் தலைவிரிகோலமாக மணமேடைக்கு வருவாளே, அதை யாரும் யோசிப்பதில்லை.

தம்பி கையைத் தூக்குகிறார். தெரியும், இணையத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் முழு அகராதியையும் இலவசமாகத் தேடும்படி போட்டு வைத்திருக்கிறது, அவர்களுக்கு நன்றி. சிகாகோக்காரர் திறந்து வைத்ததை நாம் நம் ஊரில் பூட்டி வைத்திருக்கிறோம், அதுதான் என் வயிற்றெரிச்சல். செல்போனில் பார்க்காமல் மூன்று நாள் நடந்தது என் பிடிவாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்போன் நீங்கள் கேட்ட சொல்லைத்தான் காட்டும். சீப்பைத் தேடப் போய்ச் சீத்தலில் விழுந்து, அங்கிருந்து கலித்தொகைக்குப் போகிற வழி புத்தகத்தைப் புரட்டுகிறவனுக்குத்தான் தெரியும். லாகீசுச் சீப்பை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்ததால்தானே எழுத்து தெரிந்தது? வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன்.

உறுப்பினர் எழுந்துவிட்டார். தறியைப் பற்றிச் சொல்ல முடியாமல் போகிறது. நெசவாளர் 'அச்சு' என்று சொல்வதும் ஒரு சீப்புதான், பாவு நூல் ஒவ்வொன்றும் அதன் பல் இடுக்கு வழியாகத்தான் போகும், அவ்வளவோடு விடுகிறேன். தேனீயும் போச்சு. அடையை ஆங்கிலத்தில் சீப்பு என்கிறார்கள், சங்கத் தமிழில் அதற்கு 'இறால்' என்று பேர், இன்றைக்கு இறால் என்றால் வலையோடு கடலுக்குப் போகிறோம். இது தனியாக ஒரு மணி நேரப் பேச்சு. செயலாளர் இன்னொரு ஞாயிறு கொடுத்தால் பேசுவேன், அழைப்பிதழை நான் பிழை பார்த்த பிறகு.

உறுப்பினர் அவர்களே, ஒரே நிமிஷம். கேட்பது இரண்டுதான். பீரோவின் பூட்டை எடுத்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். மனு வாசல் பக்கம் மேஜையில் இருக்கிறது. முதல் கையெழுத்து எங்கள் பெரியம்மாவுடையது, கொஞ்சம் கோணலாக இருக்கும். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், சிக்கு விழுந்தால் பக்கத்திலேயே சிணுக்கோலி இருக்கிறது. நன்றி, வணக்கம்.